மேடையில் இறந்த அப்பா

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தில் எல்லோரும் நலம் என்று எழுதுகிற மாதிரி எழுதவில்லை, உனக்குத் தகவலாகவே எழுதுகிறேன். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான்.

நேற்று ஒரு டீச்சரம்மா கல்யாணப் படத்துக்குப் பிரேம் மாற்றக் கடைக்கு வந்தார். நீ மைக் முன்னால் நிற்கிற படத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, "இவர் பேச்சுன்னா எங்க வீட்ல எல்லாருக்கும் உசுரு. பாவம், சின்ன வயசுலயே அப்பாவைப் பறிகொடுத்தவர். நீங்க அவருக்குச் சித்தப்பாவா?" என்று கேட்டார். என் வாயில் ஆணி இருந்தது. விழுங்கியிருந்தால் உன் பேச்சு அங்கேயே உண்மையாகியிருக்கும்.

தன் போனிலேயே போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக் கதை. "அன்று காலை என் அப்பா இறந்தார்" என்கிறாய். நிறுத்துகிறாய். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாய், தண்ணீர் குடிக்கிறாய். கூட்டம் மூக்கை உறிஞ்சுகிறது. அப்புறம் பாதியில் பேச்சு மறந்து நீ நின்றபோது, செத்த அப்பாவின் குரல் காதில் கேட்டு வரியை எடுத்துக் கொடுத்ததாம். அதற்குப் பிறகு அம்மா தனியாளாகத் தையல் மெஷின் மிதித்து உன்னை வளர்த்தாளாம். உங்கம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வராது.

அடேய், அந்த வரியை எடுத்துக் கொடுத்தவன் நான், கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நீ கடையில் மரச்சட்டங்களுக்கு நடுவே நின்று தினமும் ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகியிருந்தது. மேடையில் நீ திணறினாய், நான் வாயை அசைத்தேன், நீ என் உதட்டைப் பார்த்துச் சொன்னாய். கோப்பையோடு வீட்டுக்கு வந்தோம். இதில் நான் எப்போது செத்தேன்?

போனில் கேட்டால் பேசியே என்னை மடக்கிவிடுவாய், அது உன் தொழில். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மேடைப் பேச்சு என்பது கோர்ட்டில் சாட்சி சொல்வதில்லை அப்பா. முதல் சில நிமிடத்துக்குள் கூட்டம் கையிலிருக்கும் போனைக் கீழே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதற்கப்புறம் நான் என்ன தொண்டை வறளக் கத்தினாலும் வீண்.

முதல் வருடம் முழுக்க நடந்ததை நடந்தபடியேதான் சொன்னேன். அப்பா பின்னால் நின்று வாயசைத்தார் என்று சொன்னால் சிரித்தார்கள். "அப்ப காப்பியடிச்சுத்தான் ஜெயிச்சீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். பிறகு ஒருநாள் ஒரு கல்லூரியில் நான் பேசப் பேச எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பயத்தில் வாயில் வந்துவிட்டது, நீங்கள் இறந்ததாகச் சொல்லும் அந்த வரி. அரங்கம் அப்படியே அடங்கியது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உயிரோடிருக்கும் அப்பாவை வைத்து என்னால் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட முடியவில்லை. காலையில் கடை திறப்பீர்கள், பிரேம் போடுவீர்கள், வந்து சாப்பிட்டுத் தூங்குவீர்கள். இதில் மேடையில் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 14 அன்று நகர மன்றத்தில் பேசுகிறேன். இதுவரை நான் பேசியதில் இதுதான் பெரிய கூட்டம். அன்று நீங்கள் வர வேண்டாம். கடைச் சுவரிலிருக்கும் என் படத்தையும் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 19

மகனுக்கு,

படத்தைக் கழற்றவில்லை. இன்னும் பெரிய ஆணியாக அடித்து மாட்டியிருக்கிறேன்.

உங்கம்மா முதலில், "பேச்சுதானே, விடுங்க. நாடகத்துல சாகிறவன் எல்லாம் நிஜமாவா சாகிறான்" என்று உனக்காகத்தான் பேசினாள். உனக்கு எப்போதும் வக்கீல் அவள்தானே. முந்தாநாள் மளிகைக் கடையில் யாரோ ஒருத்தி, "தனியாளா நின்னு புள்ளையை ஆளாக்கிட்டீங்களே அக்கா" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். "அவர் வீட்ல குறட்டை விட்டுத் தூங்குறாருன்னு நான் எந்த வாயால சொல்ல?" என்று என்னைக் கேட்டாள். பதில் உன்னிடம் இருந்தால் அவளுக்கு எழுது.

பக்கத்துக் கடைத் தம்பி என் போனில் உன் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தான். நானும் அவளும் உட்கார்ந்து பார்த்தோம். எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் கண்ணாடி, ஒரே இடத்தில் தண்ணீர். "துடைக்கிறான், ஆனா கண்ணு நனையல பாருங்க" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது அதுவும் எனக்கு மனப்பாடம், முற்றுப்புள்ளி உட்பட.

சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டாயே. எனக்குப் பேசத் தெரியாது, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வரி இல்லாமல் ஒரே ஒரு தடவை பேசு. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

நகர மன்றக் கூட்டத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

வீம்புக்கு என்னை அழிக்காதீர்கள். பேருந்தில் படுத்து, கண்ட கண்ட ஊரில் பசியோடு நின்று, ஒவ்வொரு வார்த்தையாக இழைத்துச் செய்த பேச்சு அது. அந்த வரியை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். நீங்கள் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதற்குப் பிறகு என்னை ஒருவரும் மேடையேற்ற மாட்டார்கள்.

வந்தே தீருவதென்றால் பின்னால் இருங்கள். யாரிடமும் பேசாதீர்கள்.

உங்கள் மகன்

ஏப்ரல் 15

பேச்சாளர் அவர்களுக்கு,

சொன்னபடியே பின்னால்தான் இருந்தேன். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. யாரிடமும் பேசவில்லை.

நன்றாகப் பேசினாய். பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். குரல் கடைசி வரிசைவரை வந்தது. பேச்சில் போட்டி நாளுக்கு வந்தாய், மேடைப் படியில் ஏறியதைச் சொன்னாய். அப்போது என்னைப் பார்த்துவிட்டாய்.

நின்றுபோனாய். கண்ணாடியைத் தொடவில்லை, தண்ணீரை எடுக்கவில்லை. இது நீ பழகி வைத்திருக்கும் நிறுத்தம் இல்லை என்று அந்த மன்றத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. உன் கை சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூட மேடையில் திருகிய மாதிரியே.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. என் பிள்ளை அதைச் சொல்லாமல் விடப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் நீ அடுத்ததற்கும் போகவில்லை. நின்றபடியே நின்றாய். முன்னால் ஒருவர் இருமினார். இன்னொருவர் போனைக் கையில் எடுத்தார். உன் முகம் வெளுத்துப்போய், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. அதுவாக அசைந்தது. அன்று காலை என் அப்பா இறந்தார்.

நீ என் உதட்டைப் பார்த்துச் சொன்னாய்.

பக்கத்திலிருந்த பெண் அழுதுகொண்டே எனக்கும் ஒரு கைக்குட்டை கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கைதட்டல் ஓயுமுன் வெளியே வந்துவிட்டேன்.

வேறு வரியை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று உனக்குத் தோன்றலாம். நீ மனப்பாடம் செய்து வைத்திருப்பதைத்தானே என்னால் எடுத்துக் கொடுக்க முடியும். நேற்றிலிருந்து கோபம் அடங்கவில்லை. உன்மேல் பாதி, இந்த வாய்மேல் பாதி. ஆனால் நான் வெறுமனே வாயைத்தான் அசைத்தேன். மைக் உன்னிடம் இருந்தது.

படத்தைக் கழற்றிவிட்டேன். உனக்காக இல்லை. கடைக்கு வருகிறவர்கள், "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள்.

அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பகலில் வீட்டுக்கு வா. நான் கடையில் இருப்பேன்.

பிரேம் கடைக்காரர்