ஸ்டெல்லாவின் எண்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அச்சகத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக. எல்லார் ஃபைலும் கிடக்கும் யூனிக்ஸ் சர்வரிலிருந்து பழைய ஆட்களின் பெயர்களை நீக்கச் சொல்லி முதலாளி ஒரே நச்சரிப்பு. "இன்னைக்காச்சும் எடுத்துப்போடுங்க நஸீமா."

எடுத்தேன். மற்றவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள். எங்கள் டிசைனர் ஸ்டெல்லா ஆடி மாதம் ஸ்கூட்டியோடு அவிநாசி ரோட்டில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தவள். அவளுக்கும் அதே கட்டளை, அதே எண்டர். என்ன பிழைப்போ.

பொது ஃபோல்டரில் அவள் ஃபைல்கள் அப்படியே. உரிமையாளர் என்று அவள் பெயர் இருந்த இடத்தில் மட்டும் 1007. சர்வர் நினைவில் வைப்பது எண்ணைத்தான், பெயரெல்லாம் நமக்காக. தெரிந்ததுதான். ஆனாலும் ஃபோல்டரை உடனே மூடிவிட்டேன்.

நவ. 5, புதன்

வெயில். வாங்க வேண்டியது: டோனர், அம்மா மாத்திரை, வெங்காயம்.

புது டிசைனர் காவ்யா, அன்னூர்ப் பெண். ஸ்டெல்லாவின் நாற்காலி, ஸ்டெல்லாவின் பழைய மேக் கம்ப்யூட்டர். அந்தக் கிழட்டுப் பெட்டியைச் சர்வரோடு பேசவைக்கும் ஷேரிங் சாப்ட்வேரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. லாகின் போட்டுக் கொடுத்தேன்.

மதியம் வந்து நின்றாள். "ஏனுங்க்கா, நான் இன்னைக்குத்தானுங்க வந்தேன். அத்தனை ஃபைல்லயும் எம்பேரு இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். ஸ்டெல்லா போட்ட கல்யாணப் பத்திரிகை, பனியன் லேபிள், எல்லாம் காவ்யா பெயரில். காலியான 1007ஐப் புதியவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது சர்வர் சனியன். எண்ணை நான் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். நாளைக்கு மாற்றுகிறேன் என்றேன். அந்த நாற்காலிப் பக்கம் நிற்கவே பயமாக இருந்தது.

நவ. 6, வியாழன்

மாற்றவில்லை. பில்லிங் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டு. டீ கூட ஆறிப்போனது.

ஸ்டெல்லாவின் அம்மா போன். "அவ அப்பா படம் அங்கதான இருக்குது கண்ணு? நாளைக்கு வாரேன்."

வீட்டில் இருந்த ஒரே படம். ஈரத்தில் பாதி முகம் போய், பிறகு அசலே உதிர்ந்துவிட்டது. ஸ்டெல்லா ஸ்கேன் செய்து, வேலை முடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தாள். ஒரு கண் பாக்கி. அதற்குள் போய்விட்டாள். ஒற்றைக் கண்ணோடு எப்படிக் கையில் கொடுப்பது?

நவ. 7, வெள்ளி

வானம் மூடாக்கு. முதல் வேலையாகக் காவ்யாவுக்கு வேறு எண். 1007 மறுபடி ஸ்டெல்லா பெயருக்கு. முதலாளி கேட்டால் கேட்கட்டும். ஃபைல்கள் எல்லாம் அவளிடம் திரும்பின. மூச்சு வந்தது.

அப்பா படத்தைத் திறந்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. உரிமையாளர்: ஸ்டெல்லா. திருத்திய நாள்: நேற்று.

காவ்யாவைக் கூப்பிட்டேன்.

"எம்பேர்ல பாதியில கெடந்துச்சுங்க்கா. எனக்குக் குடுத்த வேலைன்னு நேத்து முடிச்சுப்போட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. என் தொழிலே அதுதான். ஆனாலும் அந்தத் தேதியை மறுபடி பார்க்கத் தைரியமில்லை.

மாலை ஸ்டெல்லாவின் அம்மா. திரையில் கணவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே மகள் பெயரை விரலால் தொட்டு, எழுத்துக்கூட்டி, பக்கத்தில் தேதியையும் படித்தார்.

"நேத்துத்தான் முடிச்சாளா கண்ணு?"

காவ்யா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"ஆமாங்கம்மா," என்றாள் காவ்யா. "நேத்துத்தானுங்க."