சிவப்பு பக்கெட்

செவ்வாய்க்கிழமை, இரவு

அப்பா ஞாயிறன்று பைக் பந்தயத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் பந்தயக் காயத்துக்குச் செலவு தராது என்று பயந்து, "குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்று படிவத்தில் எழுதியவள் நான்தான்.

இன்று விசாரிக்க ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். "பார்டர்ல விழாதவரு பாத்ரூம்ல விழுந்துட்டீங்களா சார்?" என்று சிரித்தார். அப்பா தயங்கவேயில்லை. சோப்பு நுரை, காலில் தட்டிய சிவப்பு பக்கெட், எல்லாம் சொன்னார்.

அதிகாரி போனதும், "சூப்பரா நடிச்சீங்கப்பா" என்றேன்.

"நடிப்பா?"

"சரி, ரேஸ்ல யாரு ஜெயிச்சா?"

"எந்த ரேஸ்மா? நான் விழுந்தப்போ நீதானே கதவைத் தட்டினே. மறந்துட்டியா?"

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருப்பது நீல பக்கெட்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். பின்புறம் பிளந்திருந்தது. தலையில் அடி என்று டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை, படிவத்தில் கால் மட்டும்தான் இருக்கிறது. பணம் போனால் போகட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது அப்பாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

குளியலறையில் தண்ணீர் சொட்டுகிறது. பக்கெட்டில் விழும் சத்தம்தான். எழுந்து போய் அதன் நிறத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.