மணிக்கு நீச்சல் தெரியும்

நைனா,

இன்று காலை நம் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் நூலின்மேல் கஞ்சி தடவிக்கொண்டே வந்தவர் கையை உதறினார். ஒரு சொட்டு நம் நாய் செவலையின் முதுகில் விழுந்தது. அவ்வளவுதான், வெந்நீர் பட்டதுபோல் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, நீங்கள் கால் இறக்கி நெய்த தறிக்குழியில் இறங்கி ஒளிந்துகொண்டான். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அந்தக் குழியில் இப்போது அவன்தான் படுக்கிறான்.

அவனும் மணியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மழை வந்தால் செவலை பெட்டிமேல் ஏறிக்கொள்வான். மணி தெருவில் நின்று வாயைத் திறந்து மழையைக் குடிப்பான். ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அவன் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஈரத்தோடு ஓடிவந்து, சரியாகப் பாவுக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறுவான். கஞ்சி போட்ட நூலில் சேற்றுப் புள்ளிகள் விழும். "யோவ், உன் நாய இட்டுக்கினு போய்யா, பாவெல்லாம் பாழாப் போவுது!" என்று தெருவே கத்தும். நீங்கள் சிரிப்பீர்கள். "அது நாயில்லப்பா, மீனு. வழி தவறி நம்ம வீட்ல பொறந்துட்ச்சி."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதனால்தான் மற்றதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் எட்டாவது படித்தபோது என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நூல் சுற்ற ராட்டையில் உட்கார வைத்தீர்கள். வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "அவளுக்கின்னா சார், எங்க இருந்தாலும் பொழச்சிக்குவா. பெரியவன்தான் மக்கு. அவனுக்குத்தான் படிப்பு வேணும்" என்றீர்கள். அண்ணன் அப்போது ஒரே வகுப்பில் இரண்டாவது வருடம். வாத்தியார் போன பிறகு நீங்கள் தறியில் இறங்கிவிட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் செவலைக்கு உண்ணி பிடித்தது. கே.ஜி.கண்டிகை போகும் வழியில் உள்ள வயல் கிணற்றுக்கு இரண்டையும் குளிப்பாட்டக் கூட்டிப் போனோம். வேப்பிலை அரைத்த சட்டி என் கையில் இருந்தது. பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரைப் பார்த்ததுமே மணி அதில் பாய்ந்தான், செவலை தரையில் படுத்துக்கொண்டான். வயல்காரர் பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா, ஒண்ணு மீனு, ஒண்ணு பூனையா?"

உங்களுக்கு அது சுருக்கென்று பட்டது. "நாய்க்கு யாரு நீச்சல் கத்துக்குடுக்கணும்? தூக்கிப் போட்டா தானா நீந்தும்" என்று சொல்லி, அவனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டீர்கள்.

நீந்தினான். ஆனால் கண்ணெல்லாம் வெள்ளையாகி, சுவரைப் பிறாண்டிக்கொண்டே நீந்தினான். அவன் அலறியதைக் கேட்டு, யாரும் சொல்லாமலே மணியும் உள்ளே குதித்தான்.

கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்கள் ஆள் ஏறத்தான் ஆகும். நாய் ஏற முடியாது. அதை நாம் யாரும் யோசிக்கவில்லை. நீங்கள் இறங்கி, செவலையைத் துண்டில் கட்டி முதுகில் போட்டு மேலே கொண்டுவந்தீர்கள். பயத்தில் உங்கள் தோளைக் கிழித்துவிட்டான். நீங்கள் வரப்பில் உட்கார்ந்து இரத்தத்தைத் துடைத்தீர்கள். பீடி பற்றவைத்தீர்கள்.

"மணியத் தூக்கலியா?" என்று வயல்காரர் கேட்டார்.

"அவனுக்கின்னா, அவன் நீந்துவான். கொஞ்சம் ஆடிக்கினு கெடக்கட்டும்."

வயல்காரர் மடை திருப்பப் போய்விட்டார். நான் கிணற்று விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி சுற்றிச் சுற்றி வந்தான். முதலில் முதுகு தெரிந்தது. பிறகு தலை மட்டும். பிறகு மூக்கு. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சுற்றினான். "நைனா" என்றேன். என் குரல் பம்புசெட் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. நீங்கள் மூன்றாவது பீடியையும் முடித்து எழுந்து வந்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

நீங்கள் முங்கி எடுத்து, அதே துண்டில்தான் அவனையும் கொண்டுவந்தீர்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னீர்கள்: "தண்ணி மேல அவ்ளோ ஆசை. தண்ணியிலயே பூட்டான்." அது பொய், நைனா. அவன் ஆசையில் சாகவில்லை. நன்றாக நீந்துகிறவன் என்று விட்டுவிட்டதால் செத்தான். பயந்தவனைத் தூக்கினீர்கள், தெரிந்தவனைக் காக்க வைத்தீர்கள். நான் ஒரு தடவை கூப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு உங்களுடையது.

கடைசியில், இருமலுக்கு நடுவே என் கையைப் பிடித்து, "அம்மாவ, அண்ணன நீதான் பாத்துக்கணும். உனக்கின்னா, நீ பாத்துக்குவ" என்றீர்கள். நான் தலையாட்டினேன். சாகப்போகிறவரிடம் வேறு என்ன செய்வது? அன்றும் உங்கள் தோளில் செவலை கிழித்த தழும்பு தெரிந்தது. மணி உங்கள் உடம்பில் எந்த அடையாளமும் வைக்கவில்லை.

இன்று மாமா வந்திருந்தார். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கும் வீட்டில் தங்கி வேலை செய்ய ஒரு பெண் வேண்டுமாம். "அவளுக்கின்னாண்ணா, எங்க போனாலும் பொழச்சிக்குவா" என்றாள் அம்மா. உங்கள் வார்த்தை, உங்கள் குரல் மாதிரியே இருந்தது. நான் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நான் போவல" என்றேன்.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மா மாமாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.