தட்டில் நிற்காத ரவை

யூக்கான் நதிக்கரைப் பேரரசின் ஒரே வாரிசான மருமகளுக்கு,

உன் மாமா நலம். சுரங்கம்தான் ஓடவில்லை. என் கம்பீரத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, தங்கம் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டது. அதற்காகச் சக்கரவர்த்தி சிம்மாசனத்தை விட்டு இறங்குவதா? "குளிர்காலத்துக்கு டாசன் டவுனுக்கு வந்துடுங்க மாமா" என்று நீ எழுதியதைக் கரடிக்குப் படித்துக் காட்டினேன். அது சிரித்த சிரிப்பில் பாதி மலை சரிந்துவிட்டது. ஆகவே நான் வரப்போவதில்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் ஏழெட்டு முறை எழுந்து ஆற்றைப் பார்த்துவிட்டேன். பனிப்பாளங்கள் மிதக்கத் தொடங்கிவிட்டன. இதோ, படகோட்டி டெல்பர்ட்டின் இந்த வருடக் கடைசிப் படகும் வந்துவிட்டது.

பொறு, வருகிறேன்.

வந்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"ஏறுங்க பெரியவரே, ஆறு உறையப்போகுது."

"போடா! என் கையில இன்னும் தங்கம் நிக்கும்."

"நிக்குமா? பாத்துடுவோம்."

தங்கம் அரிக்கும் தட்டில் மண்ணை அள்ளி, துப்பாக்கி ரவை ஒன்றைப் புதைத்து நீட்டினான். ஆற்று நீரில் தட்டைச் சுழற்றி மண்ணெல்லாம் அரித்துப் போனபின்னும் ரவை தட்டிலேயே கிடக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு வைக்கும் சோதனை. நான் தூக்கத்திலேயே செய்கிற வேலை. இன்றைக்கு ஆறு கொஞ்சம் அதிகமாக நடுங்கியது. ரவை போய்விட்டது.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. "மட்டமான ரவை" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே என் மூட்டையைப் படகில் ஏற்றினான். நானும் தடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். படித்து முடித்ததும் தேநீர் போடு. கோப்பையில் பாதி மட்டும் ஊற்று. பேரரசர்கள் நிரம்பக் குடிப்பதில்லை.

நாடு துறந்து வரும்
உன் மாமா