தோல் கட்டின் மேல் வைத்த பெட்டி

பேகம்பூர், திண்டுக்கல்
1965

என் பிரியமான அண்ணனுக்கு,

உன்மேல் அமைதி உண்டாகட்டும். நீ அடங்கியிருக்கிற கபருஸ்தானுக்கு நம் வீட்டுப் பெண்கள் வருவதில்லை. அங்கே வந்து சொல்ல முடியாததை எழுதித்தானே ஆகவேண்டும்? நீ போய்ப் பத்து மாதமாகியும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பைன் இலைகள் ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி இது, உனக்கு வேறென்ன ஞாபகம் இருந்தது! கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்திய நேரம் போக மிச்சத்துக்கெல்லாம் கொடைக்கானல் பஸ்ஸில்தான் இருப்பாய். புதிதாக நட்ட பைன் கன்றுகளில் ஊசி ஊசியான இலைகள் நுனியிலிருந்து கருகின. அதற்குக் காரணமான பூஞ்சை எது, அதற்குப் பெயர் என்ன என்று கிறுக்குப் பிடித்து அலைந்தாய். கருகிய இலைகளைக் காகித உறைகளில் போட்டு, எந்த மரம், எந்த நாள் என்று எழுதி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கினாய். அத்தாவின் தோல் கிடங்குக்குப் போய்வந்தால் குளிக்காமல் அந்தப் பெட்டியைத் தொடமாட்டாய். தோலில் பூக்கிற பூசணம் இலையில் ஒட்டிவிடும் என்பாய். எனக்குச் சிரிப்பாக வரும்.

சிரித்தவளுக்கு அது எங்கே உறைக்கும்? நீ மெட்ராஸ் போயிருந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உன் அறை ஒழுகியது. ஒழுகாத இடம் கிடங்கு ஒன்றுதான். இலை நனையக்கூடாது என்ற ஒரே நினைப்பில் பெட்டியைக் கொண்டுபோய்த் தோல் கட்டுகளின் மேல் வைத்தேன். மழை விட்டதும் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பிறகு நீ மைக்ராஸ்கோப்பில் ஒரு பச்சைப் பூசணத்தைப் பார்த்தாய். "புதுசு புள்ள, இன்னும் யாரும் பேரு வைக்கல" என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினாய். படம் வரைந்து, நீயே ஒரு பெயரும் எழுதி, சீமையில் இருந்த நிபுணருக்கு அனுப்பினாய். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இது பைன் நோய் அல்ல, ஈரத் தோலில் வளரும் சாதாரணப் பூசணம் என்று. தோல்காரர் வீட்டில் வேறென்ன கிடைக்கும் என்று கல்லூரியில் ஒருவர் சிரித்தாராம். அன்று நீ சாப்பிடவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ திட்டமாட்டாய் என்று தெரியும், அதுவே என் வாயை அடைத்துவிட்டது. அதன் பிறகு நீ மலைக்கே போகவில்லை. அடுத்த வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் உன்னோடு வேலை பார்த்த சார் வந்திருந்தார். நீ விட்டுப்போன இலைகளைக் கழுவி, மெல்லிசாக நறுக்கிப் பார்த்தாராம். பச்சைப் பூசணத்துக்கு அடியில், இலையின் தோலைக் கீறிக்கொண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தனவாம். பைனைக் கொல்வது அதுதான். வெளிநாட்டில் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் நம் மலையிலும் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாதாம். நீ சரியான இலையைத்தான் பறித்திருக்கிறாய், அண்ணே. இதை நீ கேட்டிருக்க வேண்டாமா?

"பெட்டி எங்கம்மா இருந்துச்சு? தோல் பூசணம் எப்படி வந்துச்சுன்னு தெரியாம கட்டுரை எழுத ஏலாது" என்றார். சொல்லிவிட்டேன். அவர் இலைகளோடு இருந்த உன் நோட்டைத் திறந்து காட்டினார். கடைசிப் படத்துக்குக் கீழே உன் கையெழுத்தில், "எப்படி நேர்ந்ததென்று தெரியவில்லை. பிழை என்னுடையது." அழுதேன். அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஆராய்ச்சிக்கு எடுத்த மாதிரியோடு சேர்ந்த எழுத்தை யாரும் அடிக்கக் கூடாதாம். திருத்தம் இருந்தால் கீழே எழுதி, எழுதியவர் தம் பெயரையும் போடவேண்டுமாம். அதுதான் உங்கள் முறையாம்.

நாளைக்கு அவர் நோட்டைக் கொண்டுவருகிறார். உன் வரிக்குக் கீழே, பிழை என் அண்ணனுடையது அல்ல, பெட்டியைத் தோல் மேல் வைத்தது நான் என்று என் கையாலேயே எழுதி, என் பெயரைப் போடுவேன். இது சத்தியம்.

நீ உயிரோடு இருந்தபோது சொல்லாத உன் தங்கை,
ஜைத்தூன்