ஒத்தக்கடை கீழ்த்தளத்துக்கு டைல்ஸ்

நவ. 4, செவ்வாய்

மேகமூட்டம். தூறல் இல்ல.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொல்லுச்சு, "மாமா மாத்திச் சொல்ற வார்த்தைய எல்லாம் எழுதி வைங்கக்கா." அதுக்குத்தான் இந்த நோட்டு.

இன்னைக்கு (நினைச்சது – சொன்னது):
சோறு – சாவி
செருப்பு – பஸ்
நான் – அக்கா (கட்டிப் பதினாறு வருசம், அக்காவாம்!)

என் வீட்டுக்காரரு இவருக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம். டைல்ஸ் மேஸ்திரி. வலது கை தூக்க வரல. பேச்சு வருது, வேற வேறயா வருது.

சாயங்காலம் ஒத்தக்கடை, யூசுப் அண்ணன் ஜவுளிக்கடை. கடைக்கு அடியில தரைக்குக் கீழ ஒரு பெரிய ரூம், சரக்கு வைக்க. கான்கிரீட் தரை. டைல்ஸ் ஒட்டித் தாரேன்னு இவரு ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி ஒத்துக்கிட்டது. பெட்டிகள் அப்படியே கிடக்கு.

"அடுத்த சனிக்கிழமை சரக்கு வருது தங்கச்சி. வேற ஆள விட்டுரட்டா? கோச்சுக்காத."

"நான் ஒட்டுறேண்ணே. இவரு உக்காந்து சொல்லட்டும்."

எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. பதினாறு வருசமா இவருக்குச் சித்தாள் நான். கலவை குழைச்சிருக்கேன், பெட்டி சுமந்திருக்கேன். ஒரு டைல்ஸ் ஒட்டினதில்ல.

நவ. 5, புதன்

வெயில். படியில உக்காந்து உக்காந்தே இறங்கிட்டாரு. கூட்டிப் பெருக்கினேன். வரிசை நேரா வர நூல் பிடிச்சேன்.

"சட்ட போடு."

குளிருதுபோலன்னு துண்டைப் போத்துனேன். தூக்கி எறிஞ்சாரு. "சட்ட! சட்ட போடு!" சட்டை போட்டுத்தான இருக்கீங்க? எனக்கும் கோவம். ஆறு டைல்ஸ் ஒட்டிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்ல மனுசன்.

தப்பா ஒட்டுறேனா? பொம்பள ஒட்டுறது பிடிக்கலையா? இல்ல நெசமாவே குளிரா?

நவ. 6, வியாழன்

பாலித்தீன் ஷீட்டு! பெட்டி சுத்தி வந்த ஷீட்டை இடது கையால இழுத்துத் தரையில விரிச்சு மேல காலை வச்சுக்கிட்டாரு. "சட்ட."

தலையில அடிச்சுக்கிட்டேன். இவரு எப்பவும் செய்யுறதுதான். தரைக்குக் கீழ வேலைன்னா ஷீட்டை விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுவாரு. அடியில நீர் கோத்தா ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். எம்புட்டு தடவை பார்த்திருக்கேன்!

ஷீட்டு – சட்டை. எழுதியாச்சு.

ஆறையும் பேத்தேன். மூணு உடைஞ்சது.

நவ. 7, வெள்ளி

ஷீட்டுக்கு அடியில முத்து முத்தாத் தண்ணி.

"மழையே இல்லையேம்மா. எங்கருந்து வருது?"

"மண்ணுலருந்துண்ணே. ஈரம் ஏறாத பூச்சு ரெண்டு தடவை அடிக்கணும், காயணும். அப்புறந்தான் டைல்ஸ்."

"சனிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

ஆகும்னேன். ஆகுமா?

யூசுப் அண்ணன் இவரைப் பார்த்தாரு. "மேஸ்திரி சொன்னாச் சரி." இவரு "வாழைப்பழம்" னாரு. யாரும் சிரிக்கல. பிறகு இவரே சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும்.

நவ. 11, செவ்வாய்

பூச்சு காஞ்சிருச்சு. நாலு வரிசை ஒட்டியாச்சு. முட்டி எரியுது.

ஒவ்வொண்ணுக்கும் "தப்பு" ங்கிறாரு. ரசமட்டம் வச்சா குமிழி நடுவுல நிக்குது. "தப்பு." ஒண்ணைப் பேத்துப் பார்த்தேன். அடியில பசை முழுசாப் பிடிச்சிருக்கு. அப்போ தப்புன்னா சரியா? நோட்டுல எப்படி எழுத? கேள்விக்குறி போட்டிருக்கேன்.

பால் வாங்கணும். மாத்திரை ரெண்டுதான் இருக்கு.

நவ. 13, வியாழன்

கடைசி வரிசை. சுவரோரம்.

வெட்டின டைல்ஸை எடுத்து வச்சேன். இவரு நாற்காலியிலருந்து இறங்கி நகந்து வந்து இடது கைய நீட்டினாரு. கொடுத்தேன். பசை தடவி வச்சு ரப்பர் சுத்தியால தட்டினாரு. ரொம்ப நேரம். டைல்ஸ் நூலுக்கு ஒரு நெல்லளவு கீழ இறங்கி நின்னுச்சு.

யூசுப் அண்ணன் பார்த்துட்டாரு. "அங்க ரேக் வரும், விடு தங்கச்சி" ன்னு மெதுவா.

நானும், "நல்லாருக்குங்க" ன்னேன்.

இவரு விரலால ஓரத்தைத் தடவினாரு. என் மூஞ்சியப் பார்த்தாரு.

"எடு."

சரியான வார்த்தை. சந்தோசப்படவா அழவா தெரியல.

எடுத்தேன். பழைய பசையச் சுரண்டினேன். மறுபடி அவரே வச்சாரு. இந்தத் தடவை நல்லாருக்குன்னு நான் முந்திக்கல, ரசமட்டத்தை எடுத்து அவரு கையில கொடுத்தேன்.