முள் சீக்கிரம் இறங்கியது

4-10-2004, திங்கள்

வெயில். காற்றே இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் காலை ஐந்திலிருந்தே. காபியின் மேல் ஒரு படலம். ஆடையா, தூசியா, தெரியாமலே குடித்தாயிற்று.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். கடலில் வாயு எடுக்கும் மேடையிலிருந்து லீவில் கிளம்பிய அன்று 3-ம் நம்பர் குழாய்ச் சோதனையைப் பாதியில் விட்டேன். புயல் இல்லை, மெஷின் கோளாறு இல்லை. மெஸ்ஸில் வஞ்சிர வறுவல். ஹெலிகாப்டர் இரண்டு மணிக்கு. மீன் ஒன்றரைக்கே தீர்ந்துவிடும். நாற்பத்தெட்டு வயது ஆள், ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிடைத்தது இரண்டு துண்டு. உப்பு வேறு தூக்கல்.

லீவில் செய்ய வேண்டியவை: கேட்டுக்குப் பெயிண்ட். ரேஷன் கார்டில் என் வயதைத் திருத்துவது (அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறான். என் மனைவி தனம் திருத்தவே வேண்டாம் என்கிறாள்). அவள் கடைவாய்ப்பல். பூலாம்பாடி போய் வசந்தியைப் பார்ப்பது.

தங்கச்சிக்கு ஏழாம் மாதம். அவள் வீட்டுக்காரர் செல்வத்தை இந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான். அந்த மேடையிலிருந்து நான் இறங்கினால் அவர் ஏறுவார், இருபத்தெட்டு நாளுக்கு. இந்தத் தடவை என் அறையையும் அவருக்கே சொல்லி வாங்கிக் கொடுத்தேன். ஏ.சி. நன்றாக வரும். குழாய்கள் நாலும் மேலேறி வருவது அந்த அறைக்கு நேர் கீழே.

ஒன்றுதான் உறுத்துகிறது. 3-ல் பம்பு மீட்டரின் முள் சீக்கிரம் இறங்கியது. போன வருடம் முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்தத் தடவை இரண்டே நிமிடம். அப்போது சந்தோஷப்பட்டேன், மீன் ஞாபகத்தில்.

5-10, செவ்வாய்

பெயிண்டர் காளிமுத்து வந்தார். நான் பச்சை என்றேன். அவர் சில்வர் டப்பாவோடு வந்து நிற்கிறார். பேச்சு ஜாஸ்தி, கை கம்மி.

“மூணு வருசத்துக்கு முன்ன அரியலூர் மாவட்டம்னு போர்டு போர்டா எழுதுனேன் சார். மறுவருசமே அழிச்சிட்டுப் பெரம்பலூர் மாவட்டம்னு எழுதச் சொல்லிட்டாங்க. இன்னொரு தடவ பிரிச்சுச் சேத்தாங்கன்னா எம் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிரும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “கடல்ல என்னதான் வேல? பிளம்பருன்னு அக்கா சொல்லுது.”

தனத்தைக் கவனிக்க வேண்டும். விளக்கினேன். கடலடிக் கிணற்றிலிருந்து மேடைக்கு வாயு வரும் குழாய். அலைக்கு வளைய வேண்டும், அதனால் வெறும் இரும்பு ஆகாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒன்று, நடுவில் சுற்றிச் சுற்றி எஃகுக் கம்பி. பலமெல்லாம் கம்பிதான். வெளி உறை கிழிந்தால் கடல் தண்ணீர் நடுவே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மொத்தமாக அறும். அப்புறம் மேடையில் ஒரு தீப்பொறி போதும்.

குழாய் உச்சியில் சின்ன மூச்சுத் துளை. அதில் பம்பை மாட்டி நடுவிலுள்ள காற்றை இழுத்து, முள் இறங்கி நிற்கிறதா என்று பார்ப்பது முதல் பாதி. நைட்ரஜன் விட்டு உள்ளே எவ்வளவு இடம் காலி என்று அளப்பது இரண்டாம் பாதி. இடம் குறைந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. (நான் மீனுக்காக விட்ட பாதி இது. காளிமுத்துவிடம் சொல்லவில்லை.)

“அட, ஆளு இருக்கானா போயிட்டானான்னு மூக்குல வெரல் வச்சுப் பாக்குற வேல!”

இத்தனை வருடத்தில் என் வேலையை இவ்வளவு சுருக்கமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

6-10, புதன்

கேட் பளபள. பூட்டும் பளபள. சாவித் துளைக்குள்ளேயே பெயிண்ட் போய்க் காய்ந்து கிடக்கிறது. நான் தக்காளிப் பையோடு தெருவில், தனம் உள்ளே.

“கடலுக்குள்ள கெடக்குற குழாய்க்கெல்லாம் வைத்தியம் பாக்குறவரு, ஒரு பூட்டத் தெறக்க முடியலையாக்கும்?”

“முழுசா அடிக்கச் சொன்னீங்களே சார்,” என்று காளிமுத்து. ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர் ஈயோட்டிக்கொண்டு வேடிக்கை. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

சட்டென்று சிரிப்பு போய்விட்டது.

ஆகஸ்டில் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். அதற்காக மேடை முழுக்க மஞ்சள் பெயிண்ட். கைப்பிடி, ஏணி, குழாய் உச்சி. மூச்சுத் துளை?

அடைத்திருந்தால் என் பம்ப் இழுத்தது குழாயின் காற்றை இல்லை. பம்பு ஹோஸின் காற்றை மட்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். முள்ளும் சமர்த்தாக நிற்கும்.

இன்னும் மோசம்: உள் உறை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் வாயுவுக்கு வெளியேற அந்தத் துளை ஒன்றுதான் வழி. அடைத்தால் சேரும். சேர்ந்தால் வெளி உறையைக் கிழிக்கும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். விரல் விட்டு எண்ணினேன்.

கேட் திறந்தது.

7-10, வியாழன்

மேகம். கீழப்பழுவூரிலிருந்து அரியலூருக்கு பஸ். வீட்டுப் போன் பக்கத்திலேயே தனத்தின் காதும் இருக்கிறது, அதனால் எஸ்.டி.டி. பூத். மும்பை ஆபீஸில் மேனேஜர் கிடைக்க நாலு தடவை சுற்ற வேண்டியிருந்தது.

மூச்சுத் துளை அடைத்திருக்கலாம் என்று சந்தேகம் என்றேன். மீனைப் பற்றி மூச்சு விடவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார்: நல்ல நிலை, கீழே உங்கள் கையெழுத்து. சந்தேகத்தை நம்பிக் குழாயை மூட முடியுமா? லீவில் இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள், டயர்டாக இருப்பீர்கள். வைத்துவிட்டார்.

பூத்காரர் அக்கறையாகக் கேட்டார்: “யாருக்கு சார் மூச்சு அடைச்சுக்கிட்டு இருக்கு? ஆஸ்பத்திரியில சேத்தாச்சா?”

8-10, வெள்ளி

தூறல். பூலாம்பாடி. வசந்தி வாசலுக்கே வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். கால் வீங்கியிருக்கிறது. உட்கார் என்றால் கேட்கவில்லை. முறுக்கு, அதிரசம், சாப்பாடு, மறுபடி முறுக்கு.

“நேத்து அவரு பேசுனாருண்ணே. ரூமு ஜோரா இருக்காம். ஒரு சத்தம் மட்டும் கேக்குதாம்.”

“என்ன சத்தம்?”

“டிங்குன்னு. வீணைக் கம்பி அறுந்தாப்புல. அலையில எதோ தட்டுது போலன்னாரு. ஒண்ணு கேக்குமாம். செத்த நேரங் கழிச்சு இன்னொண்ணாம்.”

குழாயின் எஃகுக் கம்பிகள் நினைவுக்கு வந்தன; அதிரசத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

“மொகம் ஏன் இப்புடிக் கெடக்கு? அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியா?”

ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறுபடி மேனேஜருக்குப் போன். இந்தத் தடவை 3-ம் நம்பர் விஷயம் முழுக்கச் சொன்னேன். பெயிண்ட், இரண்டு நிமிடம், விட்ட பாதி, வஞ்சிரம், இரண்டு துண்டு, உப்பு உட்பட. லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன். “பார்க்கச் சொல்கிறேன்,” என்றார்.

வேலை போகும். போகட்டும். தனத்திடம் எப்படிச் சொல்வது என்றுதான்.

9-10, சனி

மழை. போன் வரவில்லை. டி.வி. செய்தியில் கடல் என்று வந்தாலே எழுந்து போய் நிற்கிறேன். ரேஷன் கார்டு வேலை முடிந்தது, இப்போது ஐம்பத்தெட்டு, இன்னும் பத்து கூடுதல். தனத்திடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

“வசந்திகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க.” சமையலறைக்குள் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

10-10, ஞாயிறு

வெயில் திரும்பிவிட்டது. பத்து மணிக்குப் போன். செல்வம்!

“மச்சான், நீங்க சொன்னது அப்புடியே சரி. தொளைய ஒரு மணி நேரம் சொரண்டுனோம். புஸ்ஸுன்னு வந்துச்சு பாருங்க, தொப்பி பறந்துருச்சு. அப்பறம் நைட்ரஜன் விட்டா உள்ள எடமே இல்ல, அத்தனையும் தண்ணி. டைவர் எறங்கிப் பாத்தாரு. வெளி உறையில ஒரு சாண் கிழிசல்.”

“மூடிட்டீங்களா?”

“நேத்தே மூடியாச்சு. மெஸ்ல உங்க பேரச் சொல்லிக் கை தட்டுனாங்க மச்சான். மேனேஜரே சொன்னாராம், தப்ப ஒத்துக்கிட்ட ஆளு, வேலையில கை வைக்க மாட்டோம்னு.”

தனம் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். சேமியாவை எடுத்து வறுக்கப் போய்விட்டாள்.

“அந்த டிங் டிங் நின்னுச்சா மாப்ள?”

“அது இன்னும் கேக்குது. அலதான். ஒண்ணும் கவலப்படாதீங்க. மூணுல வந்தத பூராவும் நாலுல திருப்பி விட்டாச்சு, காலையிலேந்து ஃபுல் பிரஷர். நாலையும் சோதிச்சிரலாமேன்னு ஒருத்தரு கேட்டாரு. மேனேஜர் உங்க ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்துட்டு, நாலுக்கு நைட்ரஜன் அளவு வரைக்கும் மனுசன் முழுசா எழுதியிருக்காருன்னு விட்டுட்டாரு.”

லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

4-ம் நம்பருக்கு நான் பம்பே மாட்டவில்லை. போன வருட எண்களைப் பார்த்து எழுதினேன்.